வார்ஃபரின் போடுகிறவர் வீட்டில் இருந்தால்

அம்மாவுக்கு இதயத்தில் மைட்ரல் வால்வை எடுத்துவிட்டு உலோக வால்வு வைத்த நாளிலிருந்து வார்ஃபரின் மாத்திரையை நான்தான் எடுத்துக் கொடுக்கிறேன். 'ரத்தத்தை நீர்க்க வைக்கும் மாத்திரை' என்றதும் ரத்தம் தண்ணீராகிவிடுமோ என்று பயந்தேன். அப்படி ஆகாது. கல்லீரல் வைட்டமின் கே-யை வைத்துத்தான் 2, 7, 9, 10 எண்ணுள்ள உறைதல் காரணிகளை, அதாவது ரத்தம் உறைய உதவும் புரதங்களை, தயார் செய்கிறது. பயன்பட்ட வைட்டமின் கே மறுபடி வேலைக்கு வராமல் வார்ஃபரின் தடுப்பதால் ரத்தம் உறையத் தாமதமாகிறது, அவ்வளவுதான். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் காரணிகள் தீர வேண்டுமே, அதனால் முழுப் பலன் தெரிய 5 நாளாவது ஆகும். அதுவரை, உடனே ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹெபாரின் ஊசி போடுவார்கள்.

மாத்திரையை மாலையில், ஒரே நேரத்தில் கொடுங்கள். பகலில் ஐ.என்.ஆர். (ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை எண்) முடிவு வந்து மருத்துவர் அளவை மாற்றச் சொன்னால் அன்றைக்கே மாற்றிவிடலாம். ஒரு நோட்டில் தேதி, மில்லிகிராம், ஐ.என்.ஆர். மூன்றையும் எழுதுங்கள். அம்மாவுக்குக் குறித்துக் கொடுத்த எல்லை 2.5 முதல் 3.5. கால் ரத்தக் குழாய்க்குள் ரத்தம் உறைந்து அடைத்தவர்களுக்குப் பெரும்பாலும் 2 முதல் 3. மறந்துபோனது அன்றைக்கே நினைவு வந்தால் கொடுக்கலாம். மறுநாள் என்றால் விட்டுவிடுங்கள், இரண்டாகச் சேர்த்துக் கொடுக்கவே கூடாது.

வைட்டமின் கே இருக்கிறதே என்று கீரையை நிறுத்த வேண்டாம். வாரத்துக்கு வாரம் அளவு ஏறி இறங்காமல் இருந்தால் போதும்.

எனக்குப் பாடம் கற்றுக்கொடுத்தது ஒரு பல்வலி. வார்ஃபரின் போடுவதைச் சொல்லாமல் மெட்ரோனிடசோல் என்ற கிருமிக்கொல்லி மாத்திரையை வாங்கிக் கொடுத்தேன். ஐந்தாம் நாள் ஈறில் ரத்தம், ஐ.என்.ஆர். 5.8. அந்த மருந்து, வார்ஃபரின் உடலில் சிதைந்து தீர்வதைத் தடுத்துவிடும் என்று அப்புறம்தான் தெரிந்தது. டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகளும் ஆபத்து. எந்தப் புது மருந்தானாலும் முதலில் நோட்டைக் காட்டுங்கள்.

ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் இரண்டும் வேறு வகை. ரத்தத்தில் உள்ள தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதைத் தடுப்பவை. ரத்தம் உறைவதைத் தடுக்கும் புதிய மாத்திரைகளான அபிக்ஸபான், ரிவராக்ஸபான் போடுகிறவர்களுக்கு ஐ.என்.ஆர். பார்க்கும் வேலையில்லை. ஆனால் உலோக வால்வு உள்ளவர்களுக்கு அவை ஆகாது, ஆசைப்பட்டு மாற்றக் கேட்காதீர்கள்.

மலம் தார் போலக் கறுத்தாலோ தலையில் அடிபட்டாலோ, வலியில்லை என்று வீட்டில் காத்திருக்க வேண்டாம். அவசரப் பிரிவுக்குள் நுழையும்போதே 'வார்ஃபரின் போடுகிறார்' என்று சொல்லுங்கள். அதை முறிக்க அவர்களிடம் வைட்டமின் கே ஊசி இருக்கும்.