வேகமான மெமரி கார்டு போட்டால் கேமரா வேகமாகுமா?

ஒவ்வொரு படமாக நிதானமாக எடுப்பவர் என்றால், பெரிதாக எதுவும் மாறாது. ஃபோகஸ் பிடிக்கும் வேகத்துக்கும் படத்தின் தரத்துக்கும் கார்டுக்கும் சம்பந்தமே இல்லை.

வித்தியாசம் தெரிவது, ஷட்டரை அழுத்திப் பிடித்தால் படங்களைத் தொடர்ச்சியாக எடுத்துத் தள்ளும் பர்ஸ்ட் மோடில்தான். எடுத்த படங்கள் முதலில் கேமராவுக்குள் இருக்கும் பஃபர் நினைவகத்தில் சேரும், அங்கிருந்து கார்டுக்குப் போகும். பஃபர் நிரம்பிவிட்டால், கார்டு எழுதி முடிக்கும்வரை கேமரா திணறும். ரா ஃபைலாக, அதாவது சென்சார் பதிவுசெய்ததை அப்படியே வைத்திருக்கும் பெரிய ஃபைலாக எடுத்தால் இது சீக்கிரமே நடக்கும். நீங்களே சோதித்துப் பாருங்கள்: பர்ஸ்டில் ஷட்டரை அழுத்திப் பிடியுங்கள். கடகடவென்று வரும் சத்தம் எப்போது தடுமாறுகிறது, விரலை எடுத்த பிறகும் கார்டு விளக்கு எவ்வளவு நேரம் எரிகிறது என்று கவனியுங்கள். உடனே அணைந்துவிட்டால் புதுக் கார்டு தேவையில்லை.

வாங்குவதென்றால், கார்டில் கொட்டை எழுத்தில் இருக்கும் எண்ணை நம்ப வேண்டாம். அது பெரும்பாலும் படிக்கும் வேகம். நமக்கு வேண்டியது எழுதும் வேகம். கார்டில் வி30 என்று போட்டிருந்தால் நொடிக்குக் குறைந்தது 30 மெகாபைட் எழுதும். நொடிக்கு 100 மெகாபிட் 4கே வீடியோவுக்கு 12.5 மெகாபைட்டே போதும் (8 பிட் சேர்ந்தால் ஒரு பைட்), அதனால் வி30 தாராளம்.

அப்புறம், யுஎச்எஸ் என்பது கார்டும் கேமராவும் தரவைப் பரிமாறும் முறை; யுஎச்எஸ்-1-ஐ விட யுஎச்எஸ்-2 வேகமானது. பின்பக்கம் இரண்டு வரிசை பின்கள் உள்ள யுஎச்எஸ்-2 கார்டை யுஎச்எஸ்-1 கேமராவில் போட்டால் யுஎச்எஸ்-1 வேகத்தில்தான் ஓடும். காசுதான் வீண். ஆனால் கணினிக்குப் படங்களை மாற்றும்போது, அதற்கேற்ற கார்டு ரீடர் இருந்தால் காத்திருக்கும் நேரம் நன்றாகவே குறையும்.