துப்பாக்கி மசோதாவை வாசித்து, குழுவின் முன் பேசுவது எப்படி? வாஷிங்டன் மாநிலத்தை வைத்து ஒரு செய்முறை

வாஷிங்டன் மாநிலத்தில் துப்பாக்கிச் சட்டம் நகரசபையில் பிறப்பதில்லை. ஆர்.சி.டபிள்யூ. (மாநிலச் சட்டத்தொகுப்பு) 9.41.290 என்ற சட்டப்பிரிவு, சில சிறு விதிவிலக்குகள் தவிர, அந்த அதிகாரம் முழுவதையும் மாநிலத்திடமே வைத்திருக்கிறது. அதனால் சியாட்டிலில் இருந்தாலும் ஸ்போக்கேனில் இருந்தாலும் நீங்கள் கவனிக்க வேண்டிய இடம் தலைநகர் ஒலிம்பியாவில் உள்ள மாநிலச் சட்டமன்றம்தான்.

மசோதாவைத் தேடி எடுப்பதிலிருந்து, அதை ஆராயும் சட்டமன்றக் குழுவின் முன் ஒரு நிமிடம் பேசுவது வரை இங்கே பார்க்கலாம். சட்டம் படித்திருக்க வேண்டியதில்லை. கட்டுப்பாடு வேண்டும் என்பவருக்கும் வேண்டாம் என்பவருக்கும் வேலை ஒன்றுதான். செய்தித்தலைப்பை நம்பாமல் வாசகத்தைப் படிக்க வேண்டும்.

தேவையானவை: ஒரு கணினி (கைபேசி போதாது, காரணம் படி 3-இல்), மசோதாவின் அச்சுப்பிரதி, இரண்டு நிறப் பேனா, இரண்டு மாலைப்பொழுதுகள்.

படி 1: நாட்காட்டியைப் பாருங்கள்

கூட்டத்தொடர் ஜனவரி மாதத்தின் இரண்டாம் திங்கட்கிழமை தொடங்கும். ஒற்றைப்படை ஆண்டில் 105 நாள், இரட்டைப்படை ஆண்டில் 60 நாள். இதற்குள் பல கடைசி நாட்கள் உண்டு. 2025-ஐ எடுத்துக்கொள்ளுங்கள்: கொள்கைக் குழுவைத் தாண்ட பிப்ரவரி 21, நிதிக் குழுவைத் தாண்ட பிப்ரவரி 28, மசோதா முதலில் தாக்கலான அவையைத் தாண்ட மார்ச் 12. குறித்த நாளுக்குள் தாண்டாத மசோதா பெரும்பாலும் அந்த ஆண்டுக்கு அங்கேயே நின்றுவிடும்.

புதியவர்கள் தவறவிடுவது இந்த இடத்தில்தான். மசோதா செய்தியில் அடிபடுவது பெரும்பாலும் அவையில் வாக்கெடுப்பு நடக்கும்போது. அதற்குள் பொதுமக்கள் பேசும் கட்டம் அந்த அவையில் முடிந்து பல வாரம் ஆகியிருக்கும்.

படி 2: எண்ணைப் பிடியுங்கள்

பிரதிநிதிகள் அவையில் 98 பேர், அங்கே பிறக்கும் மசோதாக்கள் 1000 என்ற எண்ணிலிருந்து தொடங்கும். செனட்டில் 49 பேர், அங்கே 5000-இலிருந்து. எண்ணைச் சட்டமன்ற இணையதளத்தின் மசோதாத் தேடலில் இட்டால் அதன் வரலாறு முழுவதும் வரும். ஆண்டைச் சரியாகத் தேர்ந்தெடுங்கள். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை எண்கள் மறுபடி முதலிலிருந்து தொடங்குவதால் ஒரே எண்ணில் முற்றிலும் வேறு மசோதா வந்து நிற்கும். எஸ்.பி. (செனட் மசோதா) 5078 நல்ல உதாரணம். 2022-இல் அந்த எண்ணில் நிறைவேறியது பத்துக்கு மேல் தோட்டா கொள்ளும் மேகசின்கள் (துப்பாக்கியில் செருகும் தோட்டா உறைகள்) பற்றிய சட்டம். 2023-இல் அதே எண்ணில் நிறைவேறியது துப்பாக்கித் தொழில்துறையின் பொறுப்பு பற்றிய சட்டம்.

எண்ணுக்கு முன்னால் வரும் எழுத்துகளும் முக்கியம். எச்.பி. (பிரதிநிதிகள் அவை மசோதா) என்றால் முதலில் தாக்கலான வடிவம். எஸ்.எச்.பி. என்றால் குழு அதை எடுத்துவிட்டு மாற்று வடிவம் வைத்திருக்கிறது. அதற்கு முன் 2 சேர்ந்தால் இரண்டாம் மாற்று வடிவம். இ சேர்ந்தால் அவையில் திருத்தம் ஏற்கப்பட்டிருக்கிறது. துப்பாக்கி வாங்க முன் அனுமதி கேட்கும் 2025-இன் எச்.பி. 1163 இப்படித்தான் எழுத்துகளைச் சேர்த்துக்கொண்டே போனது. எப்போதும் கடைசி வடிவத்தைத் தரவிறக்குங்கள். முதல் வடிவத்தை வைத்துக்கொண்டு பேசப் போனால், ஏற்கெனவே நீக்கப்பட்ட பிரிவை எதிர்த்துப் பேசிவிட்டு வருவீர்கள்.

படி 3: அடிக்கோடும் வெட்டுக்கோடும்

மசோதா பெரும்பாலும் இருக்கிற சட்டத்தின் மேலேயே எழுதப்படும். அடிக்கோடிட்டது புதிதாகச் சேர்வது. இரட்டை அடைப்புக்குறிக்குள் வெட்டுக்கோட்டோடு இருப்பது நீங்குவது. குறியில்லாதது இப்போதும் சட்டமாக உள்ளது. தலைப்பில் 'நியூ செக்‌ஷன்' என்று இருந்தால் அந்தப் பிரிவு முழுவதுமே புதிது, அதனால் அடிக்கோடு இருக்காது.

இந்த வாசகத்தை நகலெடுத்து மொழிபெயர்ப்புச் செயலியில் ஒட்டினால் அடிக்கோடும் வெட்டுக்கோடும் காணாமல் போகும். நீக்கப்படும் சொற்றொடர் நடப்புச் சட்டம்போலவும், புதிதாக வருவது ஏற்கெனவே இருந்ததுபோலவும் தெரியும். வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் தவறான சுருக்கங்களில் பல இப்படி உருவாகக்கூடியவை. கைபேசி போதாது என்றது இதனால்தான். கணினியில் பி.டி.எஃப். கோப்பைத் திறந்து அச்செடுத்து, சேர்வதை ஒரு நிறத்திலும் நீங்குவதை மற்றொரு நிறத்திலும் குறியுங்கள். குறிப்பு எடுக்கும்போது பக்க எண், வரி எண் இரண்டையும் எழுதுங்கள். மசோதாவின் ஒவ்வொரு வரிக்கும் ஓரத்தில் எண் இருப்பது அதற்காகத்தான்.

படி 4: வரையறையை முதலில், வினைச்சொல்லை இரண்டாவதாக

இந்தப் படிக்கு ஒரு மாலையை முழுதாக ஒதுக்குங்கள்.

துப்பாக்கிச் சட்டத்தின் வரையறைகள் ஆர்.சி.டபிள்யூ. 9.41.010-இல் இருக்கின்றன. மசோதாவில் ஒரு சொல் வந்தால் அதன் நடைமுறைப் பொருளை மறந்துவிட்டு அங்கே போய்ப் பாருங்கள். 'பாதுகாப்பான துப்பாக்கி வைப்பு' என்ற சொல்லையே எடுப்போம். பூட்டிய பெட்டி, கன் சேஃப் போன்றவை அதில் அடங்கும். கூடவே, தோட்டா நீக்கிய துப்பாக்கியை அப்படி வைப்பது என்றும் அந்த வரையறை சொல்கிறது. தோட்டா நிரப்பிய துப்பாக்கியைப் பூட்டி வைப்பவருக்கு அந்த ஒரு சொல் பெரிய விஷயம்.

அடுத்தது வினைச்சொல். 2023-இல் நிறைவேறிய எச்.பி. 1240 'அசால்ட் ஆயுதங்களைத் தடைசெய்தது' என்றுதான் பேச்சு. வாசகத்தில் உள்ள வினைகள் தயாரித்தல், இறக்குமதி, விநியோகம், விற்பனை ஆகியவை. 'வைத்திருத்தல்' அந்தப் பட்டியலில் இல்லை. 2022-இன் மேகசின் சட்டமும் அப்படியே. வீட்டில் ஏற்கெனவே ஒன்று வைத்திருப்பவருக்கும் கடையில் வாங்கப் போகிறவருக்கும் இந்தச் சட்டம் இரண்டு வேறு சட்டங்கள். ஆகவே ஒவ்வொரு பிரிவிலும் மூன்று கேள்வி: யார்? எதைச் செய்தால்? செய்தால் என்ன தண்டனை?

இதைப் பழகிப் பார்க்க, ஏற்கெனவே சட்டமாகிவிட்ட ஆர்.சி.டபிள்யூ. 9.41.360-ஐ எடுங்கள். 2018-இல் வாக்காளர்களே முன்முயற்சி 1639 என்ற நேரடி வாக்கெடுப்பின் மூலம் கொண்டுவந்தது இது. 'வாஷிங்டனில் துப்பாக்கியைப் பூட்டி வைப்பது கட்டாயம்' என்று பலர் சொல்வார்கள். பிரிவு அப்படிச் சொல்லவில்லை. துப்பாக்கியை எப்படி, எங்கே வைக்க வேண்டும் என்று இந்தப் பிரிவு கட்டளையிடவில்லை என்று அதிலேயே எழுதியிருக்கிறது. அது தண்டிப்பது விளைவை. துப்பாக்கி வைத்திருக்கச் சட்டப்படி தகுதியில்லாத ஒருவர் (சிறுவரும் அதில் சேர்வர்) கையில் அது கிடைக்கக்கூடும் என்று தெரிந்தோ தெரிந்திருக்க வேண்டிய நிலையிலோ விட்டுவைத்து, அவர் அதை எடுத்து யாருக்காவது காயமோ மரணமோ நேர்ந்தால் சி வகுப்பு ஃபெலனி (பெருங்குற்றம்). அதிகபட்சம் 5 ஆண்டுச் சிறை. சுட்டாலோ, பொது இடத்தில் மிரட்டும் வகையில் காட்டினாலோ, குற்றத்துக்குப் பயன்படுத்தினாலோ கிராஸ் மிஸ்டிமீனர் (அதைவிடச் சிறிய குற்றம்). அதிகபட்சம் 364 நாள். பூட்டிய வைப்பிலோ ட்ரிகர் லாக் (விசைப் பூட்டு) போட்டோ இருந்தால் இந்தக் குற்றம் பொருந்தாது. வீடு புகுந்து திருடப்பட்டிருந்தால், தெரிந்த 5 நாளுக்குள் போலீசில் சொல்லியிருந்தாலும் பொருந்தாது.

இப்போது வீட்டிலும் வாகனத்திலும் துப்பாக்கி வைப்பதற்கான நிபந்தனைகளைக் கடுமையாக்க 2025-இல் அறிமுகமான எச்.பி. 1152-ஐத் திறந்து பாருங்கள். விளைவு நேர்ந்தபின் தண்டிப்பதும், விளைவு நேரும் முன்பே கடமை விதிப்பதும் எவ்வளவு தூரம் என்று தெரியும். குழந்தைகள் இருக்கிற வீட்டில் அந்தத் தூரம் ஓர் உயிரின் தூரம். அதனால்தான் இந்தப் பிரிவை வரி வரியாக வாசிக்கச் சொல்கிறோம்.

படி 5: நடைமுறைக்கு வரும் நாள்

கடைசிப் பக்கங்களுக்குப் போங்கள். நாள் எதுவும் சொல்லப்படவில்லை என்றால் கூட்டத்தொடர் முடிந்து 90 நாள் கழித்துச் சட்டம் உயிர்பெறும். 'பொது அமைதி, சுகாதாரம், பாதுகாப்பை உடனடியாகக் காக்கத் தேவை' என்ற அவசர வாசகம் இருந்தால் ஆளுநர் கையெழுத்திட்ட நொடியே. அந்த வாசகம் இருக்கும் சட்டத்தின்மேல் மக்கள் வாக்கெடுப்பு கோரவும் முடியாது. அப்போதைய ஆளுநர் ஜே இன்ஸ்லீ 2023 ஏப்ரல் 25 அன்று கையெழுத்திட்டவற்றில் எச்.பி. 1240 அன்றே அமலானது. அதே நாளில் கையெழுத்தான, 10 நாள் காத்திருப்பும் பாதுகாப்புப் பயிற்சியும் கேட்கும் எச்.பி. 1143 அமலானது 2024 ஜனவரி 1-இல். எச்.பி. 1163-க்கான நாள் 2027 மே 1. மாநில ரோந்துக் காவல்துறை கைரேகை பெற்று, பயிற்சிச் சான்று பார்த்து, ஐந்தாண்டு செல்லும் அனுமதி வழங்கப் புது ஏற்பாடே கட்ட வேண்டியிருப்பதை நினைத்தால் அந்த நீண்ட இடைவெளி புரியும்.

அந்த ஏற்பாட்டுக்கு என்ன செலவு, எத்தனை ஆள் என்பது நிதிக் குறிப்பில் இருக்கும். மசோதாப் பக்கத்திலேயே அதற்கான இணைப்பும், சட்டமன்ற ஊழியர்கள் எழுதும் மசோதா அறிக்கையும் உண்டு. அறிக்கை கட்சி சாராதது, நடை எளிது. ஆனால் வாசகத்தைப் படித்த பிறகே அதைப் படியுங்கள். முன்னதாகப் படித்தால் அறிக்கையில் விடுபட்டது உங்கள் கண்ணிலும் படாது.

படி 6: பதிவுசெய்து பேசுங்கள்

துப்பாக்கி மசோதாக்கள் பிரதிநிதிகள் அவையில் பெரும்பாலும் குடியுரிமைகள், நீதித்துறைக் குழுவுக்கும், செனட்டில் சட்டம், நீதிக் குழுவுக்கும் போகும். விசாரணை, அதாவது குழுவின் முன் பொதுமக்கள் பேசும் அமர்வு பற்றிய அறிவிப்பு சில நாட்களுக்கு முன்னரே வரும். குழுப் பக்கத்தில் போய் ஆதரவு, எதிர்ப்பு, வேறு என்ற மூன்றில் ஒன்றைத் தேர்ந்து பதியுங்கள். நேரிலோ ஜூம் வழியாகவோ பேசலாம், எழுத்திலும் தரலாம், நிலைப்பாட்டை மட்டும் பதிந்துவிட்டும் வரலாம். பேசுவதற்கான பதிவு விசாரணைக்கு ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடும். எழுத்து வடிவத்தை விசாரணை தொடங்கிய நேரத்திலிருந்து 24 மணி நேரம் வரை அனுப்பலாம். நீங்கள் தருவது பொது ஆவணமாகும், குடும்ப விவரங்களை எழுதுமுன் யோசியுங்கள்.

வாக்குரிமை இருந்தால்தான் பேச முடியும் என்பதில்லை. ரெட்மண்ட், பெல்வியூ பக்கம் எச்-1பி விசாவில் இருக்கும் தமிழர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. அத்தகைய தற்காலிக விசாக்காரர்கள் துப்பாக்கி வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடைசெய்கிறது, செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் உண்டு. பிள்ளை படிக்கும் பள்ளியைப் பற்றியோ விளையாடப் போகும் நண்பர் வீட்டைப் பற்றியோ குழுவின் முன் பேச அது தடையில்லை.

கிடைப்பது ஒரு நிமிடம், சில நாள் இரண்டு. ஆங்கிலத்தில் 120 சொல்லுக்கு மேல் எழுதாதீர்கள். வரிசை இப்படி:

தலைவருக்கு வணக்கம், உங்கள் பெயர், ஊர்.
மசோதா எண், உங்கள் நிலை.
பக்கம், வரி, பிரிவு.
அந்த வரியால் யாருக்கு என்ன நேரும் என்று ஒரே ஓர் எடுத்துக்காட்டு.
அதை எப்படி மாற்ற வேண்டும் என்ற வாசகம்.

கடைசி வரி இல்லாமல் பேசுபவர்களே அதிகம். ஆயுத உரிமையைக் காக்கும் அமெரிக்க அரசியலமைப்பின் இரண்டாம் திருத்தம் பற்றியோ வன்முறையின் கொடுமை பற்றியோ பொதுவாகப் பேசி நிமிடத்தைச் செலவழித்துவிடுகிறார்கள். உறுப்பினர்கள் அதையெல்லாம் பலமுறை கேட்டவர்கள். 'பக்கம் 6, வரி 14-இல் உள்ள இந்தச் சொல்லுக்குப் பதில் இந்தச் சொல்' என்பது மட்டும் ஊழியரின் குறிப்பேட்டில் ஏறும். எதிர்ப்பவருக்கும் இதுவே பொருந்தும். மசோதா நிறைவேறவே போகிறது என்று தெரிந்தாலும் ஒரு விலக்கைச் சேர்க்க வைக்க முடியும்.

படி 7: பேசிய பின்னும் விடாதீர்கள்

குழு வாக்களிப்பது 'எக்ஸிக்யூடிவ் செஷன்' என்ற தனி அமர்வில். அங்கே பொதுமக்கள் பேச முடியாது. அதைத் தாண்டி, தேவைப்பட்டால் நிதிக் குழு, பிறகு எது அவைக்குப் போகும் என்று தேர்ந்தெடுக்கும் ரூல்ஸ் குழு, பிறகு அவை. நிறைவேற 98-இல் 50 வாக்கு, செனட்டில் 25. அடுத்த அவையில் எல்லாம் மறுபடி முதலிலிருந்து நடக்கும், அங்கும் ஒரு விசாரணை உண்டு. முதல் அவையில் தவறவிட்டவருக்கு அது இரண்டாம் வாய்ப்பு.

'ஸ்ட்ரைக்கிங்' திருத்தம் என்று ஒன்று வந்தால் உங்கள் பழைய குறிப்புகளை ஓரம்கட்டுங்கள். அது மசோதாவின் உள்ளடக்கம் முழுவதையும் எடுத்துவிட்டுப் புதிதாக வைக்கும். பிரிவு எண்கள் எல்லாம் மாறியிருக்கும். படி 3-இலிருந்து மறுபடி தொடங்க வேண்டும்.

கையெழுத்திடவோ ரத்துசெய்யவோ ஆளுநருக்குக் கூட்டத்தொடர் நடக்கும்போது 5 நாள், முடிந்த பின் 20 நாள், ஞாயிறுகள் கணக்கில்லை. 2025 கூட்டத்தொடர் ஏப்ரல் 27-இல் முடிந்தது. எச்.பி. 1163-இல் ஆளுநர் பாப் ஃபெர்குசன் கையெழுத்திட்டது மே 20-இல். ஞாயிறுகளைக் கழித்தால் சரியாக இருபதாம் நாள். ஆளுநர் ஒரு மசோதாவின் சில பிரிவுகளை மட்டும் ரத்துசெய்யவும் முடியும் என்பதால் கையெழுத்தான பிறகும் எந்தப் பிரிவு நிற்கிறது என்று பாருங்கள்.

கையெழுத்துக்குப் பின் நீதிமன்றம். அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் 2022 ப்ரூயன் தீர்ப்புக்குப் பிறகு, துப்பாக்கிக் கட்டுப்பாடு நாட்டின் வரலாற்று மரபோடு பொருந்துகிறதா என்று கேட்கிறார்கள். அதே நீதிமன்றத்தின் 2024 ரஹீமி தீர்ப்பு, அச்சு அசலான முன்னுதாரணம் தேவையில்லை, அடிப்படைக் கொள்கை பொருந்தினால் போதும் என்று தெளிவாக்கியது. வாஷிங்டன் மாநில அரசியலமைப்பின் முதல் பகுதி, 24-ஆம் பிரிவும் ஆயுத உரிமையைத் தனியாகக் காக்கிறது. மேகசின் சட்டம் இரண்டாம் திருத்தம், மாநில அரசியலமைப்பு இரண்டின் கீழும் எதிர்க்கப்பட்டு, 2025 மே மாதம் மாநில உச்ச நீதிமன்றத்தில் நிலைத்தது.

அடுத்த கூட்டத்தொடர் தொடங்க வேண்டிய நாள் 2027 ஜனவரி 11. டிசம்பர் முதல் திங்களான 2026 டிசம்பர் 7-இலிருந்தே மசோதாக்களை முன்கூட்டித் தாக்கல் செய்யலாம். 2025–26-இல் நிறைவேறாதவை அதற்குள் காலாவதியாகியிருக்கும். திரும்பி வந்தால் புது எண்ணில் வரும், அதனால் எண்ணால் தேடாமல் 'ஃபயர்ஆர்ம்' என்ற சொல்லால் தேடுங்கள்.