பழைய வீ கருவியில் சூப்பர் ஹீரோ விளையாட்டு: முதல்முறை ஆடுவோருக்கான செய்முறை விளக்கம்

கோடை விடுமுறையில் ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கு வந்திருந்த அக்கா மகன், எங்கள் வீட்டு வீ (Wii) கருவியில், அதாவது தொலைக்காட்சியோடு இணைத்து, கையில் பிடித்த ரிமோட்டை அசைத்து ஆடும் விளையாட்டுக் கருவியில், ஸ்பைடர்மேனை ஆட்டி வைக்க முயன்று, அரைமணி நேரத்தில் கையை உதறிக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். "மாமா, தோள்பட்டையே கழண்டுடும்போல இருக்கு, இவன் சுவத்துலயே ஒட்டிக்கிட்டு நிக்கிறான்" என்றான். அவன் செய்த தவறு ஒன்றுதான்: கையை எவ்வளவு வேகமாக வீசுகிறோமோ அவ்வளவு பலமாக நாயகன் அடிப்பான் என்று நம்பினான். இக்கருவி எதைப் பார்க்கிறது, எதைப் பார்ப்பதில்லை என்பது புரிந்துவிட்டால், தோளும் வலிக்காது, நாயகனும் சொன்னபடி கேட்பான். அதைப் புரிந்துகொள்ளும் வகையில், பெட்டியைப் பிரிப்பதிலிருந்து முதல் ஆட்டம் வரை வரிசையாக இங்கே விளக்குகிறேன்.

நிண்டெண்டோ நிறுவனம் வீ கருவியை 2006ஆம் ஆண்டு நவம்பரில் அமெரிக்காவில் வெளியிட்டது. உலகம் முழுவதும் 10 கோடிக்கும் மேல் விற்ற அதன் தயாரிப்பு 2013இல் நின்றுபோனது. ஆகவே இன்று நம் கைக்கு வருவது, வெளிநாட்டிலிருந்து திரும்பிய உறவினர் கொடுத்ததாகவோ, பெங்களூருவில் பழைய பொருளாக வாங்கியதாகவோதான் இருக்கும். இணையம் வழியாக விளையாட்டு விற்ற வீ கடையும் 2019 ஜனவரி 30ஆம் நாளோடு மூடப்பட்டது. எனவே விளையாட்டு பதிந்த வட்டு (டிஸ்க்) வாங்கித்தான் ஆட வேண்டும். வட்டு வாங்கும்போது அது எந்த நாட்டுப் பதிப்பு என்று பார்த்துக்கொள்ளுங்கள். அமெரிக்கக் கருவியில் ஐரோப்பிய வட்டு ஓடாது. ஐரோப்பியக் கருவியில் அமெரிக்க வட்டு ஓடாது.

முதல் படி: மின்சாரம்

எதைத் தவறவிட்டாலும் இதைத் தவறவிடாதீர்கள். கருவியோடு வரும் அடாப்டரைத் திருப்பி, அதன் அடியில் 'இன்புட்' என்ற சொல்லுக்கு எதிரே என்ன அச்சிட்டிருக்கிறது என்று படியுங்கள். அமெரிக்க அடாப்டர் 120 வோல்ட்டுக்கு மட்டுமே செய்யப்பட்டது. நம் வீட்டுச் சுவரில் வருவதோ 230 வோல்ட். நான் முதன்முதலில் இதைப் படிக்கவில்லை. கடைக்காரர் ஒருவர் கொடுத்த 'பின் கன்வெர்ட்டர்' என்னும் செருகி மாற்றியை நம்பி அப்படியே செருகினேன். 'டப்' என்று மெல்லிய ஓசை கேட்டது, அவ்வளவுதான்; அடாப்டர் போய்விட்டது, கருவி மட்டும் என் நல்ல நேரத்தால் பிழைத்தது. பின் கன்வெர்ட்டர் செருகியின் வடிவத்தை மாற்றுமே தவிர, மின்னழுத்தத்தைக் குறைக்காது.

இதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, 230 வோல்ட்டை 110 ஆகக் குறைக்கும் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்பார்மர் வாங்குவது. அடாப்டர் வெளியிடுவது 12 வோல்ட், 3.7 ஆம்பியர், அதாவது ஏறத்தாழ 44 வாட் என்பதால், 100 வாட் தாங்கும் சிறிய டிரான்ஸ்பார்மரே போதும். மற்றொன்று, 230 வோல்ட்டுக்கென்றே செய்த வீ அடாப்டரைத் தேடி வாங்குவது. கருவியின் பின்புறச் செருகுதுளை வீ கருவிக்கே உரிய வடிவம் கொண்டது என்பதால், வீட்டில் கிடக்கும் வேறு 12 வோல்ட் அடாப்டர் அதில் பொருந்தாது. பொருத்திப் பார்க்கவும் முயல வேண்டாம்.

இரண்டாம் படி: படமும் வட்டும்

வீ கருவியில் எச்டிஎம்ஐ துளை கிடையாது. மஞ்சள், வெள்ளை, சிவப்பு என மூன்று முனை கொண்ட ஏவி கேபிள்தான் அதனோடு வரும். புதிய தொலைக்காட்சிகள் பலவற்றில் இந்த மூன்று துளைகளும் தனித்தனியாக இருப்பதில்லை. ஹெட்போன் துளை போன்ற ஒற்றைத் துளையும், அதற்கான சிறு இணைப்பு வயரும் இருக்கும். அந்த வயர் தொலைக்காட்சி வந்த அட்டைப்பெட்டிக்குள்ளேயே தூங்கிக்கொண்டிருக்கலாம், தேடிப் பாருங்கள். அதுவும் இல்லையென்றால் ஏவியை எச்டிஎம்ஐ ஆக மாற்றும் சிறு பெட்டி வாங்கிக்கொள்ளலாம். எதைப் பொருத்தினாலும் அமெரிக்க வீ கருவி தரும் படம் 480 வரிகளுக்கும், ஐரோப்பியக் கருவி தரும் படம் 576 வரிகளுக்கும் மேல் போகாது. பெரிய திரையில் சற்று மங்கலாகத்தான் தெரியும். கருவியின் அமைப்புப் பகுதியில் திரை வடிவத்தை 16:9 என்று மாற்றிவிட்டால், நாயகர்கள் குண்டாக இழுபட்டுத் தெரிவது நிற்கும்.

கருவியை நிறுத்தி வைத்திருந்தால், வட்டின் படம் அச்சிட்ட பக்கம் வலப்புறம் பார்க்க வேண்டும். படுக்க வைத்திருந்தால் மேலே பார்க்க வேண்டும். பாதி உள்ளே போனதும் கருவியே வட்டை இழுத்துக்கொள்ளும், நாம் தள்ள வேண்டியதில்லை.

மூன்றாம் படி: பெயரால் ஏமாற்றும் சென்சார் பார்

தொலைக்காட்சியின் மேலோ கீழோ வைக்கும் மெல்லிய கறுப்புப் பட்டைக்குச் சென்சார் பார் என்று பெயர். பெயரைக் கேட்டால் அது நம் கையைக் கண்காணிக்கிறது என்று தோன்றும். உண்மையில் அது எதையும் உணர்வதில்லை. அதன் இரு முனைகளிலும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி வீசும் சிறு விளக்குகள் இருக்கின்றன, அவ்வளவே. பார்க்கும் கண் நம் கையில் உள்ள ரிமோட்டின் நுனியில், அந்தக் கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிறது. அங்குள்ள சிறு கேமரா அந்த இரு ஒளிப் புள்ளிகளையும் நொடிக்கு 100 முறை பார்த்து, அவை எங்கே தெரிகின்றன என்பதைக் கொண்டே நாம் திரையில் எந்த இடத்தைச் சுட்டுகிறோம் என்று கணக்கிடுகிறது.

பழைய பொருளாக வாங்கிய பட்டை வேலை செய்கிறதா என்பதைக் கைப்பேசியைக் கொண்டே சோதிக்கலாம். கருவியை இயக்கிவிட்டு, கைப்பேசியின் கேமராவைப் பட்டைக்கு நேராகப் பிடியுங்கள். இரு முனைகளிலும் வெளிர் ஊதா நிறத்தில் ஒளி தெரிந்தால் பட்டை நலமாக இருக்கிறது. பின்புறக் கேமராவில் தெரியாவிட்டால் முன்புறக் கேமராவில் பாருங்கள், சில கைப்பேசிகளில் அதில்தான் தெரியும்.

இனி, எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். மாலை ஆறு மணி வரை ஒழுங்காக இருந்த சுட்டுக்குறி, அதன்பின் பேய் பிடித்ததுபோல் திரையெங்கும் தாவத் தொடங்கும். ரிமோட்டைக் குறை சொன்னேன், பேட்டரியை மாற்றினேன். கடைசியில் காரணம் தொலைக்காட்சிக்குப் பக்கத்து மாடத்தில் அம்மா ஏற்றும் குத்துவிளக்காக இருந்தது. எரியும் சுடரும் அகச்சிவப்பு ஒளியை வீசுகிறது. ரிமோட்டின் கேமராவுக்குப் பட்டையின் விளக்கும் சாமி விளக்கும் ஒன்றுதான். வேடிக்கை என்னவென்றால், பட்டையின் வயர் அறுந்துபோன ஒரு வாரம், அதே விளக்குதான் எங்களுக்குக் கைகொடுத்தது: இரண்டு அகல்களை ஒரு சாண் இடைவெளியில் தொலைக்காட்சிக்கு முன்னே ஏற்றி வைத்து ஆடினோம். சிறுவர்கள் ஓடியாடும் அறையில் அதைச் செய்யச் சொல்லமாட்டேன். ஆனால் அது வேலை செய்தது.

உங்கள் அறையில் இப்படி ஏதேனும் குறுக்கிடுகிறதா என்று அறிய, வீ அமைப்புப் பகுதியில் சென்சார் பார் என்ற இடத்துக்குச் சென்று, உணர்திறன் திரையைத் திறந்து, ரிமோட்டைத் தொலைக்காட்சியை நோக்கிப் பிடியுங்கள். அங்கே இரண்டு புள்ளிகள் மட்டுமே தெரிய வேண்டும். மூன்றாவது புள்ளி தெரிந்தால் விளக்கோ, மேற்குச் சன்னல் வழியே விழும் வெயிலோ, பளபளப்பான எவர்சில்வர் பாத்திரத்தில் பட்டுத் திரும்பும் ஒளியோ அதற்குக் காரணமாக இருக்கலாம்; அதை மறையுங்கள். பட்டையைத் தொலைக்காட்சியின் மேலே வைத்தீர்களா, கீழே வைத்தீர்களா என்பதையும் அங்கேயே குறித்துவிடலாம். திரையிலிருந்து ஒன்று முதல் மூன்று மீட்டருக்குள் நின்று ஆடுவது நல்லது.

நான்காம் படி: ரிமோட்டும் நன்சக்கும்

ரிமோட்டில் இரண்டு டபுள் ஏ பேட்டரிகளைப் போட்டு, பேட்டரி மூடிக்குள் இருக்கும் சிவப்புப் பொத்தானையும், கருவியின் முன்புறச் சிறு மூடிக்குள் எஸ்டி கார்டு துளைக்கு அருகே இருக்கும் சிவப்புப் பொத்தானையும் அடுத்தடுத்து அழுத்துங்கள். ரிமோட்டின் நான்கு நீல விளக்குகளும் மின்னி, பிறகு ஒன்று மட்டும் நிலைத்து எரிந்தால் இணைப்பு முடிந்தது.

நன்சக் என்பது இடக்கையில் பிடிக்கும் துணைப் பிடி. அதன் வயரை ரிமோட்டின் அடியில் செருக வேண்டும். செருகும்போது அதன் குச்சியில் கட்டை விரலை வைக்காதீர்கள். அந்த நொடியில் குச்சி எங்கே நிற்கிறதோ அதையே கருவி நடுநிலை என்று எடுத்துக்கொள்ளும். குச்சி சாய்ந்திருந்தால், பிறகு பேட்மேன் நாம் தொடாமலே ஓர் ஓரமாக நடந்துகொண்டிருப்பார். அப்படி நடந்தால் வயரைக் கழற்றி, குச்சியைத் தொடாமல் மீண்டும் செருகினால் போதும்.

மணிக்கட்டுக் கயிற்றைக் கட்டாயம் மாட்டிக்கொள்ளுங்கள். கருவி வெளிவந்த அடுத்த மாதமே, கயிறு அறுந்து ரிமோட் பறக்கிறது என்ற புகார்களால், நிண்டெண்டோ தடித்த கயிறுகளை இலவசமாக மாற்றிக் கொடுத்தது.

ஐந்தாம் படி: கையை அசைக்கும் முறை

ரிமோட்டுக்குள்ளும் நன்சக்குக்குள்ளும் முடுக்கமானி என்ற சிறு சில்லு இருக்கிறது. அதனுள் தொங்கும் நுண்ணிய சிலிக்கான் துண்டு, நாம் கையைச் சட்டென்று அசைக்கும்போது சற்றே பின்தங்கும். அந்த விலகலை மின்சாரக் கணக்காக மாற்றி, அசைவின் திசையையும் அளவையும் கருவி அறிகிறது. புவியீர்ப்பையும் அது உணர்வதால், அசைக்காமல் சாய்த்துப் பிடித்தாலே சாய்வு தெரிந்துவிடும்.

இதில் கவனிக்க வேண்டியது, ரிமோட்டில் உள்ள சில்லு புவியீர்ப்பைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு முடுக்கம் வரை அளக்கவே அமைக்கப்பட்டது என்பது. அந்த எல்லையைத் தாண்டி எவ்வளவு ஓங்கி வீசினாலும் கணக்கில் ஏறாது. அது மட்டுமன்று, தோளிலிருந்து ஓங்கி வீசும்போது, கையைப் பின்னுக்கு இழுப்பது ஓர் அசைவாகவும், முன்னே வீசுவது ஓர் அசைவாகவும், நிறுத்தும்போது வரும் உதறல் இன்னோர் அசைவாகவும் பதிவாகலாம். ஒரு குத்து கேட்டால் கருவி மூன்று கட்டளைகளைக் கேட்டுக் குழம்புகிறது. அக்கா மகனின் ஸ்பைடர்மேன் சுவரிலேயே நின்றதற்குக் காரணம் இதுதான்.

எங்கள் பக்கத்தில் கேழ்வரகைப் புடைப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். முறத்தைத் தூக்கி வீசுவதில்லை. முழங்கை இடுப்போடு ஒட்டி நிற்க, மணிக்கட்டு மட்டும் ஒரு சொடுக்குச் சொடுக்கி நிற்கும். ரிமோட்டுக்கு வேண்டிய அசைவு அதுவே. முழங்கையை விலாவோடு சேர்த்து வைத்து, மணிக்கட்டை ஒருமுறை சொடுக்கி, அப்படியே நிறுத்துங்கள். நாயகன் அடித்து முடித்த பிறகே அடுத்த சொடுக்கு. இதைப் பத்து நிமிடம் பழகினால் போதும். அக்கா மகனிடம் வார்த்தையால் விளக்கிப் பயனில்லை என்று, பாட்டியின் முறத்தையே கையில் கொடுத்துக் காட்டினேன். அடுத்த ஆட்டத்தில் மூன்றாவது தெருவைக் கடந்துவிட்டான்.

ஆறாம் படி: எந்த விளையாட்டிலிருந்து தொடங்குவது

என் கணிப்பில் முதல் விளையாட்டு 2008இல் வந்த லெகோ பேட்மேன்தான். அதில் நாயகன் விழுந்தால் ஆட்டம் முடிந்துவிடாது. சேர்த்த காசுகளில் சில சிதறும், அவன் அதே இடத்தில் எழுந்து நிற்பான். தோல்விப் பயம் இல்லாமல் கை பழகுவதற்கு இதைவிட நல்ல இடமில்லை. நாயகர் பக்கம் 15, வில்லன்கள் பக்கம் 15 என 30 கட்டங்கள் உண்டு. மற்றொரு ரிமோட்டும் நன்சக்கும் இருந்தால், நடு ஆட்டத்திலேயே இன்னொருவர் வந்து சேர்ந்துகொள்ளலாம், வேண்டாமென்றால் விலகிக்கொள்ளலாம். சாப்பாட்டுக்குக் கூப்பிட்டால் ஒருவர் எழுந்து போகலாம், ஆட்டம் நிற்காது.

அடுத்து, 2010இல் வந்த பேட்மேன்: தி பிரேவ் அண்டு தி போல்டு. இது பக்கவாட்டில் நகரும் தட்டையான விளையாட்டு என்பதால் கேமராக் கோணத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. நான்கு பேர் வீட்டில் இருந்தால் மார்வெல்: அல்டிமேட் அலையன்ஸ் எடுக்கலாம், பல நாயகர்களிலிருந்து நால்வரைத் தேர்ந்து குழுவாக ஆடும் இது 2006இலேயே வந்தது. ஆனால் அமெரிக்கத் தரப்படுத்தலில் லெகோ பேட்மேன் 10 வயதுக்கு மேற்பட்டோருக்கும், இது 13 வயதுக்கு மேற்பட்டோருக்கும் உரியவை என்பதைப் பெற்றோர் நினைவில் வைக்க வேண்டும்.

ஸ்பைடர்மேன் 3 விளையாட்டைக் கடைசியாக எடுங்கள். 2007இல் வந்த இதில் வலையை ஒரு கைக்கு ரிமோட்டாலும் மறு கைக்கு நன்சக்காலும் வீசி, கட்டடம் விட்டுக் கட்டடம் ஊசலாட வேண்டும். இரு கைகளும் மாறி மாறி ஒரே தாளத்தில் சொடுக்க வேண்டியிருப்பதால், மேலே சொன்ன மணிக்கட்டுப் பழக்கம் வராதவர்களுக்கு இது வெறும் கைவலியாகவே முடியும். பழக்கம் வந்தவர்கள், முதல் நாள் சண்டைகளை எல்லாம் ஒதுக்கிவிட்டு, நகரத்தில் சும்மா ஊசலாடிப் பாருங்கள். வலை விடுபட்டுத் தரையில் விழுந்தால், வேகமாக வீசாமல், அடுத்த சொடுக்கைச் சற்றுத் தாமதித்துக் கொடுத்துப் பாருங்கள்.