தெரிந்த சொல்தான் தடுக்கும்: யூத இனப்படுகொலை நினைவு நூலைப் படிக்கும் முன்

ராமேசுவரம் அருகே மண்டபம் ஊர்ப் பக்கம் ‘முகாம்’ என்ற சொல்லுக்கு விளக்கம் தேவையில்லை. இலங்கையிலிருந்து கடல் கடந்து உயிர் பிழைத்து வந்தவர்கள் ஒதுங்கிய இடம் அது. அரசுத் தாளில் இப்போது ‘மறுவாழ்வு முகாம்’. அதே பொருளை மனதில் வைத்துக்கொண்டு ஹோலோகாஸ்ட்டில், அதாவது இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ஹிட்லரின் நாஜிகள் நடத்திய யூத இனப்படுகொலையில், தப்பியவர் எழுதிய நூலைத் திறந்தால் முதல் அத்தியாயத்திலேயே வழி தவறிவிடும். தெரியாத சொல் வந்தால் அகராதியைப் பார்ப்போம். தெரிந்த சொல்லை அப்படியே கடந்துவிடுவோம், சிக்கல் அங்கேதான்.

நோட்டில் ஒரு பக்கத்தை மூன்றாகக் கோடு போட்டுக்கொள்ளுங்கள்: சொல், நாஜிகள் சொன்ன பொருள், உண்மையில் நடந்தது. முதலில் எழுத வேண்டியது ‘மறுகுடியமர்த்தல்’. நம் கரையில் ஊர் திரும்பும் நம்பிக்கையைச் சொல்லும் சொல். நாஜிகள் சொன்னது ‘கிழக்கே குடியமர்த்துகிறோம்’. நடந்தது: 1942 ஜூலை முதல் செப்டம்பர் வரை போலந்தின் வார்சா கெட்டோவிலிருந்து ஏறத்தாழ 2,65,000 பேரைச் சரக்கு ரயிலில் அடைத்து திரெப்ளிங்கா முகாமுக்கு அனுப்பிக் கொன்றார்கள். ‘கெட்டோ’ என்பது யூதர்களை அடைத்து வைத்த நகரப் பகுதி. ‘சேரி’ என்று எழுதாதீர்கள்.

அடுத்து, முகாமை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். 1933இல் தொடங்கிய தாஹாவ் போன்றவை வதைமுகாம்கள்: அடைத்து, வேலை வாங்கி, பட்டினி போட்டார்கள். திரெப்ளிங்கா, சோபிபோர், பெல்செக், ஹெல்ம்னோ கொலைமுகாம்கள்: வந்தவர்களில் பெரும்பாலோர் சில மணி நேரத்திலேயே கொல்லப்பட்டார்கள். அங்கிருந்து வந்த நினைவு நூல்கள் மிகக் குறைவாக இருப்பதற்குக் காரணம் இதுவே. ஆஷ்விட்ஸ் இரண்டுமாக இருந்தது. கையில் எண்ணைப் பச்சை குத்தியது ஆஷ்விட்ஸிலும் அதன் கிளை முகாம்களிலும்தான். வேறு முகாமில் இருந்தவர் பச்சை குத்தியதைப் பற்றி எழுதவில்லையே என்று அவரைச் சந்தேகப்பட வேண்டாம்.

‘செலக்‌ஷன்’ என்றால் இங்கே வேலை கிடைத்த சந்தோஷம். அங்கே ரயிலிலிருந்து இறங்கியவர்களை நாஜிகளின் எஸ்.எஸ். படை மருத்துவர் பார்த்துப் பிரித்தது. ஒரு பக்கம் வேலைக்கு, மறுபக்கம் நச்சுவாயு அறைக்கு.

‘முசெல்மான்’ என்ற சொல்லை முஸ்லிம்கள் அதிகம் வாழும் கீழக்கரையிலோ பெரியபட்டினத்திலோ உரக்கப் படிக்கும் முன் விளக்கிவிடுங்கள். ஜெர்மனில் முஸ்லிமைக் குறித்த பழைய சொல் இது. முகாம் கொச்சையில், பட்டினியால் சுருண்டு, சாவு நெருங்கிவிட்ட கைதியை இப்படி அழைத்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் யூதர்கள். ‘முஸ்லிம்’ என்று மொழிபெயர்த்தால் வாக்கியமே பொய்யாகிவிடும். ஒலியை அப்படியே விடுங்கள்.

‘காப்போ’ என்பவர் மற்ற கைதிகளை மேய்க்க நியமிக்கப்பட்ட கைதி. அவர்களில் கொடியவர்களும் உண்டு, ஒரு ரொட்டித் துண்டை ஒளித்துக் கொடுத்தவர்களும் உண்டு. ‘சொண்டர்கொமாண்டோ’ பிணங்களை எரிக்கக் கட்டாயப்படுத்தப்பட்ட கைதிகள். ஆஷ்விட்ஸில் 1944 அக்டோபர் 7 அன்று கிளர்ந்தெழுந்தவர்கள் அவர்களே. இவர்களைத் ‘துரோகி’ என்று ஒரே சொல்லில் முடிப்பது அநியாயம்.

நம் செய்தித்தாள் பழக்கம் ஒன்றையும் விட வேண்டும்: ‘60 லட்சம் யூதர்கள் பலி’. ஹோலோகாஸ்ட் என்ற கிரேக்கச் சொல்லுக்கே முழுதும் எரித்த பலி என்று பொருள். கொலையை வேள்வியாக்குகிறது என்பதால் யூதர்கள் பலர் அதை ஏற்காமல் ‘ஷோவா’ என்கிறார்கள், எபிரேயத்தில் பேரழிவு. ‘கொல்லப்பட்டார்கள்’ என்றே எழுதுங்கள்.

கடைசி அத்தியாயங்களில் முகாம் மூன்றாம் பொருளில் வரும்: போர் முடிந்தபின் வீடற்றவர்களை நேச நாடுகள் தங்கவைத்த முகாம்கள். கடைசி முகாம் 1957இல்தான் மூடப்பட்டது. மண்டபத்துச் சொல்லுக்கு நெருக்கமானது இந்தப் பொருள் மட்டுமே. நோட்டில் தனி வரியில் எழுதுங்கள். வட்டமாக உட்கார்ந்து படிக்கும்போது படகில் வந்தவர்கள் யாராவது இருந்தால், இந்தப் பக்கங்களை உரக்கப் படிக்கலாமா என்று முன்கூட்டியே அவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.