மெஷின்கள் நின்ற பிறகும் ஓடிய கம்ப்ரசர்

விடுமுறை நாள், ஆலையில் ஒரு மெஷின்கூட ஓடவில்லை. மெஷின்களுக்கு அழுத்தக் காற்று தரும் கம்ப்ரசர் மட்டும் லோடு (காற்றை அழுத்தி அனுப்புவது), அன்லோடு (அழுத்தாமல் சும்மா ஓடுவது) என்று மாறி மாறி ஓடிக்கொண்டிருந்தது. யாரும் பயன்படுத்தாத காற்று எங்கோ கசிகிறது என்று அர்த்தம். மின்செலவைக் குறைக்கும் வேலையை அங்கிருந்துதான் தொடங்கினேன்.

கசிவை அளக்க ஸ்டாப்வாட்ச் போதும். காற்றைப் பயன்படுத்தும் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, லோடு நேரத்தையும் அன்லோடு நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். லோடு நேரத்தை மொத்த நேரத்தால் வகுத்தால் கசிவு விகிதம் வந்துவிடும். 2 நிமிடம் லோடு, 6 நிமிடம் அன்லோடு என்றால் கம்ப்ரசர் திறனில் 25 சதவீதம் வீண்.

பிறகு சோப்புத் தண்ணீரும் பிரஷ்ஷுமாகக் காற்றுக் குழாய் லைன் நெடுக நடந்தோம். மேலே போகும் பெரிய குழாயில் பெரிதாக ஒன்றுமில்லை. மெஷினை ஒட்டிய கடைசி சில அடிகளில், டியூபைச் செருகும் புஷ் ஃபிட்டிங்கிலும், சட்டென்று மாட்டிக் கழற்றும் குவிக் கப்ளரிலும்தான் நுரை பொங்கியது. கோணலாக வெட்டப்பட்டிருந்த டியூப் முனையை நேராக வெட்டிச் செருகியதுமே பல இடங்களில் உஸ் சத்தம் நின்றது. காசே செலவில்லாத வேலை! 7 பார் (பார் என்பது அழுத்தத்தின் அலகு) அழுத்தத்தில் ஒரே ஒரு 3 மி.மீ. ஓட்டை சுமார் 3 கிலோவாட் தின்றுவிடும்.

கசிவை அடைத்த பிறகே அழுத்தத்தில் கை வைத்தோம். 7 பார் அளவில் ஒரு பார் குறைத்தால் கம்ப்ரசரின் மின்சாரத்தில் ஏறக்குறைய 7 சதவீதம் மிச்சம். ஆனால் ஒரேயடியாக இறக்கக் கூடாது. கொஞ்சம் இறக்கி, லைனின் கடைசி மெஷினில், காற்றால் பொருளை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்பின் பிடிப்பு சரியாக இருக்கிறதா என்று பார்த்த பிறகே மேலும் இறக்கினோம்.

இப்போது ஷிப்ட் முடிந்ததும் பகுதி வாரியாக வால்வை மூடிவிடுகிறோம். ஸ்டாப்வாட்ச் சோதனை மாதாமாதம் நடக்கிறது.