கரண்டைக்கால் எக்ஸ்ரே: பாதத்தைத் திருப்பாதீங்கோ, முழுக்காலையும் திருப்புங்கோ

வன்னிப்பக்கம் போஸ்டிங் கிடைச்சு எக்ஸ்ரே ரூமுக்குப் புதுசா வாற தம்பி தங்கச்சிமாருக்குத்தான் இதை எழுதுறன். இங்க கரண்டைக்கு வாறவை வயல் வரம்பில சறுக்கினவை, லான்ட்மாஸ்டர் உழவு மெசினில இருந்து குதிச்சவை, மோட்டச்சைக்கிளோட விழுந்தவை, அதால முதல் வேலை காலைத் துடைக்கிறது, விரலிடுக்கில காய்ஞ்சு கிடக்கிற சேறும் படத்தில நிழலா விழும். சிலர் வீட்டில புக்கை (நாட்டு மருந்துப் பத்து) கட்டிக்கொண்டு வருவினம். அதுக்கு ஏசாதீங்கோ, டொக்டரிட்டக் கேட்டிட்டு ஆறுதலா அவிழ்த்துவிடுங்கோ.

பிறகு கட்டாயம் கேளுங்கோ, "ஐயா, காலில பீஸ் ஏதும் இருக்கோ?" எண்டு. 2009இல பட்ட செல் பீஸ் இண்டைக்கும் உள்ளுக்க இருக்கிற சனம் இங்க இருக்கு. இருந்தா டொக்டர் எக்ஸ்ரேக்கு எழுதின துண்டில எழுதிவிடுங்கோ, படம் பாக்கிறவருக்கு உதவும். பொம்பிளையள் எண்டா பிள்ளை தங்கியிருக்கோ எண்டும் கேக்கவேணும்.

ஏபி, அதாவது முன்னால இருந்து எடுக்கிற படம், லேசு. காலை நீட்டி குதிக்கால் கசெட்டில (படம் விழுற தட்டில) பட வையுங்கோ, பெருவிரல் மேல பாக்கவேணும், பாதம் காலுக்கு 90 பாகையில நிண்டா நல்லது, நொந்தா வற்புறுத்தவேண்டாம். ரெண்டு மொளிக்கும் (கரண்டையின்ர ரெண்டு பக்கத்து எலும்புப் புடைப்பு) நடுவில சென்ட்ரல் ரே, அதாவது கதிரின்ர நடு, விழவேணும், ரியூப்பில இருந்து கசெட்டுக்குத் தூரம் 100 சென்ரிமீற்றர், 55 - 60 கேவி (ரியூப்பின்ர வோல்ற்றேச்) காணும். இடம் வலம் மார்க்கரை மறக்காதீங்கோ.

மோர்டிஸ், அதாவது மூட்டு இடைவெளி முழுக்கத் தெரியக் காலைக் கொஞ்சம் திருப்பி எடுக்கிற படம், அதிலதான் கனபேர் பிழைவிடுறது. காலை உள்ளுக்கு 15 - 20 பாகை திருப்பவேணும், ஆனா பாதத்தைப் பிடிச்சுத் திருப்பினா பாதம் மட்டும்தான் திரும்பும், கரண்டை அப்பிடியே நிக்கும். ஒரு கை முழங்காலுக்குக் கீழ, மற்றது குதிக்காலில, இடுப்பில இருந்து முழுக்காலும் உருளவேணும். திருப்பினாப் பிறகு உள்மொளியில உங்கட கைப் பெருவிரலையும் வெளிமொளியில சுட்டுவிரலையும் வைச்சு குனிஞ்சு பாருங்கோ. சும்மா இருக்கேக்க வெளிமொளி தாழ்ந்து கிடக்கும், ரெண்டு விரலும் கசெட்டில இருந்து ஒரே உயரத்துக்கு வரேக்க நிப்பாட்டி, அப்பிடியே பஞ்சோ மணல்பையோ குடுத்து அண்டைவையுங்கோ. பாகையை விட இந்த ரெண்டு விரலைத்தான் நான் நம்புறன். சரியா வந்தா டேலஸ் எண்ட கரண்டை எலும்பைச் சுத்தி மூண்டு பக்கமும் இடைவெளி ஒரே சீரா கறுப்பாத் தெரியும், உள்பக்கம் 4 மில்லிமீற்றரை விடக் கூடினமாதிரி இருந்தா டொக்டருக்கு உடன சொல்லுங்கோ.

நான் வேலைக்கு வந்த புதுசில ஒரு அம்மாக்குப் பாதத்தை மட்டும் திருப்பி எடுத்துப்போட்டன், வெளிப்பக்க இடைவெளி மூடியே கிடந்தது, திரும்ப எடுக்கவேண்டி வந்தது. ரெண்டு பஸ் மாறி வந்தவ, பல்லைக் கடிச்சுக்கொண்டு ரெண்டாந்தரமும் காலைத் தந்தா. அந்த முகம் இன்னும் கண்ணுக்க நிக்குது.

லேட்டரலுக்கு, அதாவது பக்கவாட்டுப் படத்துக்கு, ஆளை நொந்த பக்கமாச் சரிச்சு வெளிமொளியை கசெட்டில படவிட்டு, உள்மொளியில சென்ட்ரல் ரே. டேலஸின்ர ரெண்டு மேல்விளிம்பும் ஒண்டுக்குமேல ஒண்டா விழவேணும், பிபுலா (காலின்ர வெளிப்பக்க மெல்லிய எலும்பு) டிபியாவின்ர (தடிச்ச எலும்பின்ர) பின்பாதியில நிக்கவேணும். பிபுலா பின்னுக்குப் போயிருந்தா குதிக்கால் உயர்ந்து விரல்ப்பக்கம் தாழ்ந்திட்டுது, விரல்ப்பக்கத்துக்குப் பஞ்சு வையுங்கோ. முன்னுக்கு வந்திருந்தா குதிக்காலைத்தான் உயர்த்தவேணும். விளிம்பு ஒண்டு மேல ஒண்டு கீழ எண்டா முழங்கால் உயரத்தில பிழை. சின்னவிரல் பக்கத்து அஞ்சாவது மெற்றாடார்சல் எண்ட பாத எலும்பின்ர அடியையும் படத்துக்குள்ள எடுங்கோ, கரண்டை பிரண்டது எண்டு வாறவையில அங்கயும் உடைஞ்சிருக்கும்.

கால் கோணலா இருந்தா, எலும்பு வெளிய தெரிஞ்சா பிரட்டவே வேண்டாம், ஆளை அப்பிடியே கிடத்தி ரியூப்பைக் கிடையாத் திருப்பி எடுங்கோ. மற்றக்கால் செயற்கைக்கால் எண்டா ஆளுக்கு ஊண்டக் கிடக்கிறது இந்த ஒரு கால்தான், கதிரையில இருந்து மேசைக்கு மாத்தேக்க ரெண்டுபேர் பிடியுங்கோ. நாலு எட்டு வைச்சு நடக்க முடியுதோ எண்டும் பாத்துத்தான் எக்ஸ்ரே தேவையோ எண்டு டொக்டர்மார் முடிவெடுக்கிறவை, செயற்கைக்கால்காரருக்கு அந்தக் கணக்குச் சரிவராது.

அனுப்ப முதல் முழங்காலுக்குக் கீழ வெளிப்பக்கத்தை ஒருக்கா மெல்ல அமத்திப் பாருங்கோ. அங்க நொந்தா பிபுலா மேலயும் உடைஞ்சிருக்கலாம், கரண்டைப் படத்தில அது வராது, டொக்டரிட்டச் சொல்லி முழங்காலில இருந்து கரண்டைவரைக்கும் எடுக்கத் துண்டு வாங்கிப்போட்டுத்தான் ஆளை விடுங்கோ.