கம்பஸ் பேரைப் பார்க்க முதல், பாடநெறியைப் பாருங்கோ

உயர்தரப் பெறுபேறு வந்ததும் திருகோணமலையில எந்த வீட்டுக்குப் போனாலும் "கொழும்பா, பேராதனையா?" எண்ட கேள்விதான். ஒரு கம்பஸின் பேர் பெரும்பாலும் அதன் வயதாலும், உள்ளே போகத் தேவையான இசட் புள்ளியாலும் (உயர்தரப் பெறுபேற்றிலயிருந்து கணிக்கிற புள்ளி) வருவது. முதல் வேலை தேடும்போது பழைய மாணவர் தொடர்பு கைகொடுக்கும், அது உண்மை. ஆனால் சித்த மருத்துவம் படிக்க ஆசைப்படும் பிள்ளைக்குக் கொழும்பின் பேரால் என்ன பயன்? அதற்கு யாழ்ப்பாணமும் கிழக்குப் பல்கலைக்கழகத்தின்ர எங்கட கோணேசபுரி வளாகமும் இருக்கு.

விருப்ப வரிசை போட முதல், பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலை எடுத்து, அந்தப் பாடநெறிக்கு என்ன தகைமை கேட்கினம், எந்த மொழியில படிப்பிக்கினம் எண்டு பிள்ளையோட இருந்து வாசியுங்கோ. வெட்டுப்புள்ளியை, அதாவது உள்ளே எடுக்கிற ஆகக் குறைஞ்ச இசட் புள்ளியை, திருகோணமலை மாவட்டத்துக்கே பாருங்கோ. பல பாடநெறிகளுக்கு அது மாவட்டத்துக்கு மாவட்டம் வேறு. தனியார் நிறுவனம் எண்டால், காசு கட்ட முதல் அந்தப் பட்டத்துக்கு அங்கீகாரம் இருக்கா எண்டு ஆணைக்குழுவிடமே கேளுங்கோ.